போக மறுத்த புதிய கம்பைலர்

தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றின் டெஸ்ட் பெஞ்ச் என் பொறுப்பில் இருந்தது. வால்வுகளுக்குப் பிரஷர் ஏற்றிச் சோதிக்கிற, கம்ப்யூட்டர் ஓட்டுகிற பெஞ்ச் அது. எட்டாவதோடு நின்று, லேத்தில் ஆரம்பித்து, கம்ப்யூட்டருக்கு வந்தவன் நான். அக்கம்பக்கத்து ஷெட்டில் எது மக்கர் செய்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட என்னையே ஒரு காலையில் அந்த பெஞ்ச் கம்ப்யூட்டர் ஏமாற்றியது.

அன்று மதியம் இன்ஸ்பெக்‌ஷன். வாங்குகிற பார்ட்டி பிரஷர் லிமிட்டை முந்தின நாள்தான் கூட்டியிருந்தார்கள். புரோகிராமில் ஒரு நம்பரை மாற்றி, மிஷின் ஓட்டுகிற வடிவத்துக்குக் கம்பைல் செய்தால் போதும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. செய்தேன். திரை நிறைய எர்ரர்.

காரணம் உடனே புரிந்தது. வேறொரு வேலைக்காக அந்த வாரம் புதிய கம்பைலர் போட்டிருந்தார்கள். அது, கம்ப்யூட்டர் புரோகிராம்களைத் தேடுகிற PATH வரிசையில் தன் டைரக்டரியை முதலில் எழுதிக்கொண்டது. எங்கள் புரோகிராமோ பழையதில்தான் கம்பைல் ஆகும். மிஷின் எழும்போது படிக்கிற AUTOEXEC.BAT-ஐத் திறந்து பழையதை முன்னால் போட்டு ரீபூட் செய்தேன். மறுபடி கம்பைல் செய்தாலும், கம்பைலர் காட்டுகிற முதல் வரியில் புதிய வெர்ஷன் நம்பரே வந்தது.

மேனேஜர் சம்பத் சார் பின்னால் வந்து நின்றார். சத்தம் போடுகிற ஆளில்லை, அதுதான் பயம்.

"இன்னிக்கு பெஞ்ச் ஓடலன்னா ஆர்டர் போயிடும். அப்புறம் மூணாவது ஷெட்டை மூட வேண்டியதுதான்."

அந்த ஷெட்டில் என் மச்சானும் இருந்தான். PATH-ஐ எழுத்தெழுத்தாகப் படித்தேன். தப்பே இல்லை. புதியதை மொத்தமாக அழித்துவிடலாமா என்றார் சார். அந்த இன்னொரு வேலை நின்றுவிடும் என்று தடுத்தேன்.

பெஞ்ச் ஆபரேட்டர் தேவராஜ், பக்கத்து மேனாம்பேட்டு ஆள், முன்னாள் ஃபிட்டர். சின்ன மாற்றமென்றால் அவரே கம்பைல் செய்வார். பக்கத்தில் ஸ்பேனர்களை வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றார். எதையும் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொள்கிற ஃபிட்டர் புத்தி எனக்கும் தெரியும். புதுக் கம்பைலரிலிருந்து எதையாவது காப்பி செய்தாரா என்று கேட்டேன்.

"ஆமாண்ணே. ஒவ்வொரு தபாவும் ஸ்டோருக்கு ஓடிகினு கீறமா இன்னா? கையாண்ட கெடக்கட்டும்னு நம்ம புரோகிராம் டைரக்டரியிலயே ஒண்ணு போட்டுகினேன்."

கம்ப்யூட்டரை ஓட்டுகிற டாஸும் ஃபிட்டர் ஜாதிதான். நிற்கிற டைரக்டரியில் முதலில் தேடிவிட்டு, அங்கே இல்லையென்றால்தான் PATH-ஐப் பார்க்கும். அந்தக் காப்பியை அழித்தேன். பழைய கம்பைலர் ஓடியது. எர்ரர் இல்லை.

மதியம் இன்ஸ்பெக்டர்கள் முன்னால் பிரஷர் கேஜின் முள் புது லிமிட் வரை ஏறி, அசையாமல் நின்றது. ஆர்டர் கை நழுவவில்லை.

தம்பிகளே, டிஃபால்ட்டை மாற்றிவிட்டேன் என்று நினைத்து, எழுதின வரியை மட்டும் நம்பாதீர்கள். வேலை நடக்கிற டைரக்டரிக்குள் போய், எந்த வெர்ஷன் எழுந்து வருகிறது என்று ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு இரண்டு வெர்ஷன் இருக்கிற எந்த மிஷினும் என்னை ஏமாற்றியதில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைதான். அன்று செகண்ட் ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதியபோது மூன்றாவது ஷெட்டுக்காரர்கள் ஒன்றும் தெரியாமல் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போனார்கள்.