இடது காலுக்கு வேலை இல்லாத கார்

தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவுக்குப் பின்னால் ஒரு கார் கம்பெனியின் சோதனைத் தளம் இருக்கிறது. சுற்றிலும் உயரமான வேலி. உள்ளே வளைந்து வளைந்து ஓடும் தனிச் சாலை. இன்னும் விற்பனைக்கு வராத கார்களை அங்கேதான் விரட்டிப் பார்ப்பார்கள். அதன் கேட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு அடையாள அட்டை கொடுப்பது குணசுந்தரியின் வேலை. அந்த வேலை அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை யாரிடமும் மறைத்ததும் இல்லை.

அதற்கு முன்னால் அதே கம்பெனியின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்களை ஏற்றிவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவாள். அப்பாவின் டிராக்டரில் ஓட்டப் பழகியவள். சேற்று வயலிலேயே வண்டியை நேராகப் பிடித்தவளுக்குத் தார்ச்சாலை ஒரு பொருட்டே இல்லை. ஒரு மழை நாளில் எளாவூர் செக்போஸ்ட் வரிசையில் வேன் பஞ்சரானது. இறங்கிப்போய் முன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வரிசையில் முன்னால் நின்ற லாரி பின்னுக்கு உருண்டது. இரண்டுக்கும் நடுவில் இடது கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றுகொண்டு அவள் கணவன் ஜெகன் சொன்னான்: “இனிமே நீ ஸ்டேரிங்கைத் தொட்டே, நான் மனுசனா இருக்கமாட்டேன்.”

“மனுசனா இரு, மாடா இரு, அது உன் இஷ்டம்யா. கிளட்ச் மிதிக்கக் கால் இல்ல. அதான் இப்போ தொடல” என்றாள் அவள்.

ஜெகனுக்கு நெல் வயல் இருந்தது. வீட்டிலேயே இருந்துவிடு என்றான். அவள் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு நடக்கப் பழகினாள். ஆட்டோமேட்டிக் கார் ஓட்டத் தகுதி என்று லைசென்ஸையும் மாற்றி வாங்கினாள். கம்பெனி கேட் வேலையைத்தான் கொடுத்தது. “பாவம், உட்கார்ந்த வேலை” என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் ‘பாவம்’ அவளுக்குச் செருப்பில் ஏறிய முள்ளாக உறுத்தியது.

இப்படி இருக்கும்போதுதான், மூடிய லாரியில் அந்தப் புதுக் கூபே வந்து இறங்கியது. இரண்டே கதவு. தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு, நீண்ட முன்பக்கம், கருகருவென்ற பச்சை நிறம். ஆறு சிலிண்டர் என்ஜின், அதற்கு இரண்டு டர்போ. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட நான்கு நொடிகூட ஆகாதாம். வேகம் கண்ணெதிரே கண்ணாடியிலேயே எண்ணாகத் தெரியும். திருப்பத்தில் பின் சக்கரங்களும் கொஞ்சம் திரும்பிக்கொடுக்கும். உள்ளே தோல் இருக்கை, அதன் இரு பக்கமும் காற்று நிரம்பி ஓட்டுகிறவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் கேட்டுக்கு வந்துபோன என்ஜினியர்கள் பேசிக்கொண்டதில் அவள் காதில் விழுந்தவை. ஆனால் அவள் மனத்தைப் பிடித்தது வேறொன்று. கியர் மாற்றுவதெல்லாம் ஸ்டேரிங்குக்குப் பின்னால் இருக்கிற இரண்டு தகடுகளால். வலது விரல் இழுத்தால் கியர் ஏறும், இடது விரல் இழுத்தால் இறங்கும். கிளட்ச் பெடலே கிடையாது.

மறுநாள் சோதனை டிரைவர்களின் தலைவர் வசந்தகுமாரை வழிமறித்தாள். வேன் ஓட்டிய காலத்திலிருந்தே அவரை அவளுக்குத் தெரியும்.

“ண்ணா, அந்தப் புதுக் கார்ல இடது காலுக்கு இன்னா வேலை?”

“ஒரு வேலையும் இல்ல. ஏன்?”

“அப்போ எனக்குக் கொடு. ஓட்டறேன்.”

வசந்தகுமார் சிரிக்கவில்லை. “ஒரே ஒரு எடத்துல வேலை இருக்குது குணா. லாஞ்ச் மோடுன்னு ஒண்ணு. இடது காலால பிரேக்க அமுக்கிப் புடிச்சுக்கினு, வலது காலால ஆக்சிலேட்டர முழுசா மிதிக்கணும். பிரேக்க உட்டா வண்டி பாயும். அதுக்கு ரெண்டு காலும் வேணும்.”

“எனக்கும் ரெண்டு இருக்குது. ஒண்ணு கழட்ட வரும், அவ்ளோதான்.”

“பேஜாரு பண்ணாதம்மா. மேல கேட்டா ஒத்துக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவள் அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். கடைசியில் அவர் வேறு கேட் வழியாக வர ஆரம்பித்தார்.

அந்த மாதமே, புதுக் காருக்கு விளம்பரப் படம் எடுக்க பூமிகா என்ற அதிகாரி சென்னையிலிருந்து வந்தாள். கேட்டில் அடையாள அட்டை வாங்கும்போது குணசுந்தரியின் காலைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“உங்க கதையைக் கேட்டேங்க. ரொம்ப இன்ஸ்பயரிங்கா இருக்கு. நீங்க இந்தக் காரில் உட்காரணும். கேமரா உங்க காலிலிருந்து மெதுவா முகத்துக்கு வரும். நீங்க ஸ்டேரிங்கைப் பிடிச்சு ஒரு சிரிப்பு சிரிச்சா போதும். கடைசியில் உங்களுக்குச் சால்வை போட்டுக் கௌரவிக்கிறோம்.”

குணசுந்தரி போனாள். கூபேவின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இருக்கை இரண்டு பக்கமும் மெல்ல உப்பி இடுப்பை இறுக்கியது. எதிரே கேமரா, விளக்கு, ஏழெட்டுப் பேர்.

“சூப்பர். இப்போ ஓட்டற மாதிரி கையை வையுங்க” என்றாள் பூமிகா.

“வண்டி ஆன்ல இருக்குதா மேடம்?”

“வேணாங்க. சும்மா ஓட்டற மாதிரி.”

குணசுந்தரி ஸ்டேரிங்கிலிருந்து கையை எடுத்தாள். “மாதிரி எல்லாம் வைக்கமாட்டேன் மேடம். நான் டிரைவர். சால்வை வேணாம், சாவி குடுங்க. ஓட்டறேன், எடுத்துக்கோங்க. இல்லன்னா வேற யாரையாவது உக்கார வெச்சுச் சிரிக்கச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு இறங்கி, கேட்டைப் பார்த்து நடந்தாள். பூமிகாவின் முகம் சிவந்துபோனது. போனில் யார் யாரிடமோ பேசினாள், வசந்தகுமாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். படம் அன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்பதும், வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் குணசுந்தரிக்கு உதவின. வசந்தகுமார் கேட்டுக்கே வந்தார். கையில் இரண்டு ஹெல்மெட்.

“பக்கத்துல நான் உக்காருவேன். நிறுத்துன்னு சொன்னா நிறுத்தணும்.”

“நிறுத்தறேன். லாஞ்ச் உண்டா?”

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். “உண்டு. வா.”

தளத்தின் நேர்ச்சாலையில் கார் நின்றது. மோடை மாற்றியதும் அதன் குரலே மாறியது; அதுவரை பூனையாக உறுமியது இப்போது அடிவயிற்றிலிருந்து கத்தியது. குணசுந்தரி தன் செயற்கைக் காலைக் கையால் தூக்கி பிரேக்கின் மேல் வைத்து, தொடையின் பலத்தால் அழுத்தினாள். வலது காலால் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தாள். கார் நின்ற இடத்திலேயே நடுங்கியது. தொடையைத் தூக்கினாள்.

முதுகு இருக்கைக்குள் புதைந்தது. வேலி, மரம், ஆட்கள் எல்லாம் ஒரே கோடாகிவிட்டன. எதிர்க் கண்ணாடியில் எண்கள் தாவின. விரலால் தகட்டை இழுத்த ஒவ்வொரு முறையும் கார் இன்னொரு தடவை முன்னால் எகிறியது. அவள் வாயைத் திறந்து கத்தினாள்; என்ன கத்தினாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை.

முதல் திருப்பத்தில்தான் பிரச்சினை வந்தது. கார் தண்டவாளத்தில் போவதைப்போல உறுதியாக வளைந்தது. ஆனால் ஊன்றிக்கொள்ள உணர்வில்லாத செயற்கைக் கால் வழுக்கி, பிரேக் பெடல் பக்கம் வந்தது. குணசுந்தரி உடனே வேகத்தைக் குறைத்தாள். செராமிக் பிரேக் காரைப் பிடித்து நிறுத்தியது.

“பாத்தியா? இதுக்குத்தான் சொன்னேன். எறங்கு” என்றார் வசந்தகுமார்.

அவள் பேண்டைச் சுருட்டி, செயற்கைக் காலைப் பிடித்திருந்த பூட்டின் பொத்தானை அழுத்தி, அதைக் கழற்றினாள். ஷூவோடு அப்படியே அவர் மடியில் வைத்தாள்.

“புடிச்சுக்கோண்ணா. இது லாஞ்சுக்கு மட்டும்தான். மிச்சத்துக்கு இது எனக்கு எதிரி.”

வசந்தகுமார் மடியில் கிடந்த காலையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். நிறுத்து என்று சொல்லத்தான் வாய் திறந்தார். ஆனால் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “போ” என்றார்.

அந்தச் சுற்றில் கார் எங்கேயும் தடுமாறவில்லை. இருக்கையின் பக்கங்கள் அவளைப் பிடித்துக்கொண்டன. பின் சக்கரங்கள் திருப்பத்துக்குத் திருப்பம் வளைந்துகொடுத்தன. குறுகலான வளைவுகளில் இடது விரலால் கியரை இறக்கி, வெளியே வந்ததும் வலது விரலால் ஏற்றி, மூச்சுப் பிசகாமல் கொண்டுவந்து நிறுத்தினாள். கேமராக்காரர்கள் கைதட்டினார்கள். அவள் காலை வாங்கி மாட்டிக்கொண்டுதான் இறங்கினாள்.

அந்தப் படத்தை விளம்பரத்தில் சேர்க்கவில்லை. காருக்குள் வைத்திருந்த கேமராவில் பதிவான கழற்றிய கால் பார்ப்பவர்களைச் சங்கடப்படுத்தும் என்று மேலிடத்தில் சொன்னார்களாம். பூமிகா போன் செய்து வருத்தப்பட்டாள். “பரவால்ல மேடம், நான் நடிக்க வரல” என்றாள் குணசுந்தரி.

ஆனால் வசந்தகுமார் விடவில்லை. அந்தச் சுற்றின் வேகக் கணக்கை எடுத்துக்கொண்டு அதிகாரி அதிகாரியாகப் போய் நின்றார். மருத்துவப் பரிசோதனை நடந்தது, அவள் தேறினாள். கிளட்ச் இல்லாத கார்களுக்கு அவளைச் சோதனை டிரைவராக எடுத்துக்கொண்டார்கள். லாஞ்ச் சோதனை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. அதற்காக வாரத்துக்கு ஒருமுறை போய்ச் சண்டை போட்டுவிட்டு வருகிறாள்.

புது வேலையின் முதல் நாள் சாயங்காலம் ஜெகன் அவளை அழைத்துப்போக பைக்கில் வந்தான். வேலிக்கு வெளியே நின்றபடி உள்ளே ஓடிய காரின் சத்தத்தை வெகுநேரம் கேட்டிருக்கிறான். அவள் வெளியே வந்ததும் கேட்டான்:

“இவ்ளோ நேரம் கத்திக்கினு ஓடிச்சே, அது நீயா?”

“நான்தான்.”

“கொஞ்சம் மெதுவாப் போகக் கூடாதா?”

“கூடாது. வேகமாப் போறதுக்குத்தான்யா சம்பளம்” என்று சொல்லி, பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.