டி.சி.யைப் பிரித்துக் கொடுத்த வாரம்

என் மகளுக்கு வேலூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்ததும் நான் செய்த முதல் வேலை, அவளுடைய சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் ஆம்பூர் பஜாரில் லேமினேஷன் போட்டதுதான். பத்தாவது மார்க் ஷீட், பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி. எதையும் விடவில்லை. "டி.சி.க்குமா?" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டார். "எல்லாத்துக்கும்" என்றேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. மெஷினிலிருந்து சூடாக வெளியே வந்த ஒவ்வொன்றையும் புடவைத் தலைப்பால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நான் அப்படிச் செய்ததற்கு ஒரு ஆள் காரணம்.

பன்னிரண்டாவது முடித்த கையோடு நான் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தேன். கல்லூரி திறக்கிற வரைக்கும் மட்டும் என்றுதான் சேர்ந்தேன். வயதுக்கு ஆதாரம் வேண்டும் என்று ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும், வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்போது அது வழக்கம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ஒரு மாதத்தில் கல்லூரியிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. ஒரிஜினலோடு வரச் சொல்லியிருந்தார்கள். டைம் ஆபீசில் இருந்தவர் அப்போது முப்பது வயதுக்காரர். கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மேனேஜர் பீரோ சாவிய எடுத்துனு போய்ட்டார். திங்கக்கிழமை வா" என்றார். திங்கட்கிழமை போனேன். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார். அப்படி மூன்று திங்கட்கிழமைகள். மூன்றாவது முறை, "படிச்சி இன்னா கலெக்டரா ஆவப் போற?" என்று பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். இன்டர்வியூ தேதி போய்விட்டது. அதற்கப்புறம் நான் கேட்காமலே சான்றிதழ் கைக்கு வந்தது. பைலில் கோத்து வைக்க இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். ஒரு ஓட்டை என் கணக்கு மார்க்கின் மேல் விழுந்திருந்தது.

என் மகளுடைய காகிதத்தில் எவனுடைய ஊசி முனையும் படக் கூடாது என்று அவள் பிறந்ததிலிருந்தே நினைத்திருந்தேன். அதனால்தான் லேமினேஷன்.

கல்லூரியில் சான்றிதழ் பார்க்கிற கவுன்டரில் இருந்த அம்மா டி.சி.யை விரலால் தட்டினார். டக்டக்கென்று சத்தம் வந்தது. "டி.சி.ய லேமினேட் பண்ணக் கூடாதுன்னு லிஸ்ட்ல கடைசி வரியில போட்டிருக்கே, படிக்கலையா? இதுல நாங்க எங்க சீல் போடறது? மார்க் ஷீட் பரவாயில்ல, இத மட்டும் பிரிச்சி எடுத்துட்டு வாங்க. இல்லன்னா ஸ்கூல்ல டூப்ளிகேட் வாங்குங்க. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் கடைசி நாள்." டூப்ளிகேட் வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டும் என்று பின்னாலிருந்த ஒருவர் சொன்னார். என் மகள் பஸ்ஸில் ஆம்பூர் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

இப்போது நான் இருப்பது வேறொரு ஷூ கம்பெனியில்; அங்கே என் வேலை ரிப்பேர் டேபிளில். ஷூவின் மேல்பாகத் தோலில் உள்துணியைத் தப்பாக ஒட்டிவிட்டால் அது என்னிடம் வரும். லேசாகச் சூடு காட்டி, மெல்லிய கத்தியை ஓரத்தில் படுக்கவைத்து, தோல் கிழியாமல் துணியைப் பிரித்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தோல் போய்விடும். அடுத்த நாள் சாயங்காலம் அதே கத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதலில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒன்றை லேமினேஷன் போட்டுப் பிரித்துப் பார்த்தேன். பிறகு டி.சி.யின் மேல் பழைய வேட்டித் துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் கம்மியான சூட்டில் வைத்து வைத்து எடுத்து, ஓரத்திலிருந்து நூல் நூலாகப் பிரித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு எழுத்துகூடப் போகவில்லை. அப்புறம்தான் என் மகள் சாப்பிட்டாள்.

இதை லைனில் என் பக்கத்தில் உட்காருகிற பெண்ணிடம் சொன்னேன். அவளிடம் சொன்னால் மைக்கில் சொன்ன மாதிரி.

புதன்கிழமை, முதல் பட்டதாரி சான்றிதழுக்கு மனு போட இ-சேவை மையத்துக்குப் போனோம். அங்கே கம்ப்யூட்டரில் இருந்த பெண், "உங்க வீட்ல யாரும் டிகிரி முடிக்கலை இல்ல?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நீங்க?" என்றாள். "பிளஸ் டூ." "அதுக்கு மேல போகலையா? கன்பார்மா?" பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். "கன்பார்ம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்ல வேண்டி வந்ததற்காக அந்த ஆள் என் கையில் கிடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை அவரே என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார்.

தலைக்கு மை போட்டிருந்தார். வயிறு முன்னால் வந்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. அவருடைய பெண்ணுக்கும் அதே கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவரும் டி.சி.க்கு லேமினேஷன் போட்டுவிட்டார். "நீங்கதான் நீட்டா பிரிக்கிறீங்கன்னு சொன்னாங்கமா. செவ்வாய்க்கிழமை லாஸ்ட் டேட்டு. கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க" என்று இரண்டு கையாலும் நீட்டினார். என்னை அவருக்குத் தெரியவில்லை. 'நீங்க' போட்டுப் பேசினார்.

"கேரண்டி இல்ல சார்" என்றேன். "திங்கக்கிழமை வாங்க."

அன்றைக்கே வேலையில் உட்கார்ந்தேன். இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குமிழைத் திருப்பி ஒரு கோடு ஏற்றினால் போதும், மை பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வந்துவிடும். கேரண்டி இல்லை என்று முன்பே சொல்லியாயிற்று. யாரும் என்னைக் கேட்க முடியாது. குமிழில் கையை வைத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சூட்டை ஏற்றாமல்தான் பிரித்தேன். மனசு இளகி இல்லை. கெடுத்துவிட்டால் அவருக்கு ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு அவரை அலையவிட வேண்டியிருந்தது.

டி.சி. ஒரு கீறல் இல்லாமல் வந்தது. அதை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

சனிக்கிழமை வந்தார். "ஆவலையாமா?" "இல்ல சார்." ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை வந்தார். இரண்டாவது தடவை அவர் முகத்தில் வேர்வை. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அன்று சாயங்காலம், ஆணியில் தொங்கிய சாவியால் பீரோவைத் திறந்து புடவை எடுக்கப் போன என் மகள் காகிதத்தோடு வந்தாள். "அம்மா, இது முடிஞ்சிடுச்சே. ஏன் குடுக்கல?"

"காயணும்."

"இன்னா காயணும்? இதுல தண்ணியே படல."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"புதுசா சேர்ற பசங்க வாட்ஸ்அப் குரூப்புல இந்த டி.சி.க்காரப் பொண்ணு இருக்குதும்மா. டி.சி. போய்டுச்சோன்னு அழுவுது. சாப்பிடலையாம்."

"நாளைக்கு வாங்கிக்குவாங்க. எடுத்த எடத்துல வை" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு நான் எதையும் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வீட்டுக்கு வரவேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வாங்க என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பெல் அடித்து நாங்கள் டிபன் பாக்ஸோடு வெளியே வரும்போது அவர் கேட்டுக்கு எதிரே வெயிலில் நின்றிருந்தார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. என் பக்கத்து சீட்டுக்காரிக்கு அவரைப் பழைய கம்பெனியிலிருந்தே தெரியும். "இன்னா சார், டோக்கன் இல்லன்னா உள்ள வுட மாட்டாங்களா? ரெண்டு நிமிஷம் லேட்டுன்னு எங்கள அரை நாள் வெளியவே நிக்க வெப்பீங்களே, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

நான் டி.சி. இருந்த கவரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். "சார், என்னைத் தெரியுதா?"

"இல்லையேமா."

"பழைய கம்பெனியில என் சர்ட்டிபிகேட்ட நீங்க வெச்சினு இருந்தீங்க. காலேஜ் இன்டர்வியூன்னு மூணு திங்கக்கிழமை வந்தேன்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "எத்தினியோ பேருது இருந்துச்சிமா. எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

அதுதான் என்னை எரித்தது. இத்தனை வருடம் நான் ஒரு நாளும் மறக்காத ஆளுக்கு என் முகம்கூட ஞாபகம் இல்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த பீரோ சாவி மேனேஜர்கிட்ட இருந்துச்சா, உங்ககிட்ட இருந்துச்சா?"

அவர் கவருக்குக் கை நீட்டினார். நான் கவரைப் பின்னால் கொண்டுபோனேன். சுற்றிலும் பெண்கள் சாப்பாட்டை மறந்து நின்றார்கள்.

"என்கிட்டதான் இருந்துச்சி" என்றார் கடைசியில். "ஷிப்மென்ட் டைம்மா. யாரு சர்ட்டிபிகேட் கேட்டாலும் சாவி இல்லன்னு சொல்லிடுன்னு மேலிருந்து சொன்னாங்க. பசங்க வேலைய வுட்டுப் போய்ட்டா என்னைத் திட்டுவாங்க."

"அடப் பாவி" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி, மெதுவாக.

"மன்னிச்சிடுமா" என்றார். நான் கவரைக் கொடுத்தேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவர் டி.சி.யை உருவி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் உள்ளே போய் சாப்பிட்டேன். அன்றைக்குப் புளிச்சாதம் நன்றாக இறங்கியது.

செவ்வாய்க்கிழமைதான் எனக்கு லீவு கிடைத்தது. டாக்டர் சான்றிதழ், போட்டோ, மூன்று செட் ஜெராக்ஸ் எல்லாம் சரிபார்த்து எடுத்துக்கொண்டு நானும் மகளும் கல்லூரி வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் அவரும் அவருடைய பெண்ணும் நின்றிருந்தார்கள். ஒல்லியான பெண். என் மகளைப் பார்த்துக் கையசைத்தது. கவுன்டரில் அந்த அம்மா அவர்களுடைய டி.சி.யைத் தடவிப் பார்த்து, சீல் போட்டு, பைலில் வைத்தார். பிறகு, "மார்க் ஷீட் ஒரிஜினலும் இங்க இருக்கட்டும். சரிபார்த்துட்டு அப்புறம் குடுப்போம்" என்றார். "சரிங்க மேடம்" என்று அவர் உடனே எடுத்துக் கொடுத்தார். பெண்ணின் முதுகில் தட்டியபடி நகர்ந்தார்.

எங்கள் முறை வந்தது. என் மகள் மார்க் ஷீட்டை நீட்டினாள். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கம்மா" என்றார் அந்த அம்மா.

"வாங்கினேன்னு எழுதிக் குடுங்க மேடம்."

"இத்தனை பேர் குடுத்துட்டுப் போறாங்க. யாரும் கேக்கலையே."

"எனக்கு எழுதிக் குடுங்க. சீல் போட்டுக் குடுங்க." பின்னால் வரிசையில் முணுமுணுத்தார்கள். காது சூடானது. ஆனால் கையை விடவில்லை. அந்த அம்மா அலுத்துக்கொண்டே அரைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் அடித்துக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் விட்டேன்.

வெளியே மரத்தடியில் டைம் ஆபீஸ்காரர் தன் பெண்ணோடு நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார். கவுன்டர் இன்னும் திறந்துதான் இருந்தது.

"அம்மா, அவங்க எழுதி வாங்கலையே. போய்ச் சொல்லவா?" என்றாள் மகள்.

"பஸ் வந்துடும், வா" என்றேன்.