இரண்டாம் பாகத்தில் வருவாள்

உம்மாவின் தம்பி கண்டி நகரில் ஒரு சீடி கடையில் வேலை செய்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பஸ் ஏறி, குண்டசாலையிலிருந்த எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வரும்போது எனக்கும் தங்கச்சிக்கும் ஒரு ஜப்பான் கார்ட்டூன் படம் கொண்டு வருவார். சோற்றுக்கு முன் படம் என்பது எங்கள் சட்டம். உம்மா அதை ஏற்றுக்கொண்டதில்லை, தடுத்ததுமில்லை.

அந்தப் படங்களில் பிள்ளைகள் டிராகன் மேல் போவார்கள், கடலுக்கடியில் ஊர் கண்டுபிடிப்பார்கள். அவர்களின் தலைமயிர் மஞ்சளாகவோ நீலமாகவோ இருக்கும். அதில் எங்களுக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை, பறக்கும் கப்பல் படம் வரும்வரை.

அந்தக் கப்பல் தண்ணீர் நிரப்ப கடலோரமாக இருக்கும் ஒரு பாலைவன ஊரில் இறங்கும். கொள்ளைக்காரர்கள் துரத்த, முக்காடு போட்ட ஒரு பிள்ளை கூரைக்குக் கூரை தாவி, கப்பல்காரர்களுக்கு வழி காட்டுவாள். முக்காடு கடைசி வரை நழுவாது. ஏழு வயதுத் தங்கச்சி கதிரையில் ஏறி நின்றுவிட்டாள்.

"உம்மா, ஓடி வாங்கோ. எங்கட ஆள் ஒண்டு வந்தீக்கி."

உம்மா ஈரக் கையோடு வந்து பார்த்தபோது கப்பல் கிளம்பிவிட்டது. அந்தப் பிள்ளை கரையில் நின்று கை காட்டினாள். பிறகு அவள் வரவே இல்லை. படம் முடிந்து எழுத்துகள் ஓடி, திரை கறுப்பான பிறகும் தங்கச்சி அசையவில்லை. அவள் எங்கே போனாள் என்று மாமாவைக் கேட்டாள்.

மாமா கொஞ்சம் யோசித்தார். "ரெண்டாம் பாகத்துல வருவா மகள். அது இன்னும் கடைக்கு வரல்ல. கதை எனக்குத் தெரியும்."

அடுத்த வெள்ளியிலிருந்து படத்துக்குப் பதிலாகக் கதை வந்தது. அந்தப் பிள்ளை உடைந்த படகுகளைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கப்பல் கட்டினாள். படத்தில் அவளுக்குப் பெயர் இருக்கவில்லை. மாமா தங்கச்சியின் பெயரையே வைத்தார். கொள்ளைக்காரர்களைச் சிறைபிடித்து, அவர்களைக் கொண்டே அவள் பாத்திரம் கழுவுவித்தபோது உம்மாவும் சிரித்துவிட்டார்.

தங்கச்சி இதையெல்லாம் பாடசாலையில் சொல்லியிருக்கிறாள். வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் நானா, அவளுடைய அண்ணன், இணையத்தில் தேடிப் பார்த்து, அப்படி ஒரு இரண்டாம் பாகமே இல்லை என்றாராம். அதோடு வகுப்பே அவளைப் பொய்க்காரி என்று கூப்பிடத் தொடங்கியது.

அந்த வெள்ளி மாமா வந்து செருப்பைக் கழற்றுமுன் அவள் கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

"இல்ல மகள். அப்படிப் படம் இல்ல. நான்தான் உண்டாக்கிச் சொன்ன."

"அப்ப அவ கரையிலேயேதான் நிக்கிறாவா?"

தங்கச்சி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று மாமா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். பிறகு வந்த வெள்ளிகளில் உம்மாவோடு மட்டும் பேசிவிட்டுப் போனார். சில மாதங்களில் கடையை மூடிவிட்டார்கள். மாமா கத்தாருக்குப் போனார்.

இப்போது தங்கச்சி அவரோடு போனில் நன்றாகத்தான் பேசுகிறாள், அங்கத்தைய சூட்டைப் பற்றியும் இங்கத்தைய மழையைப் பற்றியும். அந்தக் கப்பல்காரியைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. அவளுடைய கதை நடுக்கடலில் நின்றுபோனது.

அன்று எனக்கு விளங்கியது, மாமா பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்டார் என்பது மட்டும்தான். நாள் முழுக்கப் படங்களோடு இருந்த அந்த மனிதர், எங்கள் வயதில் தன் சாயலில் ஒரு முகத்தை எத்தனை படங்களில் தேடியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமைகளில் அவரும் எங்களோடு உட்கார்ந்து, தனக்குப் பார்க்கக் கிடைக்காத ஒரு படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியவில்லை.