உள்வாங்காமலும் வரும் கடல்

பேராசிரியர் செலின் இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது நான் கம்பம் மார்க்கெட்டில் திராட்சை வாங்கிக்கொண்டிருந்தேன். மாரடைப்பு. "ஆசுபத்திரிக்குப் போற வழியிலேயே போயிட்டாக சார்" என்றார். நான் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு அவருடைய ஊரான ராயப்பன்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டேன். பையின் ஞாபகமே மறுநாள்தான் வந்தது.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கல்லூரியில் அவர் இயற்பியல், நான் வரலாறு. ஒரே ஆசிரியர் அறை, எதிரெதிர் மேசை. இங்கே வருவதற்கு முன் வடக்கே ஓர் ஆய்வு நிலையத்தில் கடலடி நிலநடுக்கங்களை ஆராய்ந்தவர். பெரிய சுனாமி வந்துபோன பிறகு நாகப்பட்டினம் கரையில் வீட்டுச் சுவர்களில் தண்ணீர் ஏறிய உயரத்தை அளந்த குழுவில் இருந்தார். சுற்றிலும் மலை நிற்கும் எங்கள் பள்ளத்தாக்கில் சுனாமி படித்தவருக்கு என்ன வேலை என்று கேலி பேசாதவர்கள் குறைவு. "மேடம், முல்லையாத்துல சுனாமி வருமா?" என்பார்கள். "ஆத்துல வராது. நீங்கதான் வருசா வருசம் கடலைத் தேடி வேளாங்கண்ணிக்குப் போறீகளே" என்பார் அவர்.

ஒருநாள் பேச்சுவாக்கில், கடல் உள்வாங்குவதுதானே சுனாமிக்கு அடையாளம் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. நான் இன்னும் படித்து முடிக்காத செய்தித்தாளைப் பிடுங்கி மேசையில் விரித்தார். "இது சுமத்திரா பக்கத்து நிலத்தட்டு. இதுக்கு அடியில நம்ம தட்டு நுழைஞ்சுகிட்டே இருக்கு" என்று சொல்லி, தாளின் நுனியை விரலால் அழுத்திப் பின்னுக்குத் தள்ளினார். நுனி அமுங்கியிருக்க, அதன் பின்னால் தாள் புடைத்துக்கொண்டு நின்றது. நூற்றாண்டுக் கணக்கில் இப்படியே இருக்குமாம். பிறகு விரலை எடுத்தார். நுனி துள்ளி எழுந்தது, புடைப்பு படுத்துவிட்டது. "துள்ளுன நுனி நம்ம பக்கம். அங்கன கடலையே மேல தூக்கிவிட்டுரும். படுத்த பக்கம் தாய்லாந்து. அவுகளுக்கு மொதல்ல உள்வாங்குச்சு. நமக்கு ஏறித்தான் வந்துச்சு. உள்வாங்கட்டும், பாத்துட்டு ஓடலாம்னு நம்ம கரையில நிக்கிறவன் செத்தான் சார்." எனக்கு அன்று கசங்கிய பேப்பர்தான் பெரிய வருத்தமாக இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து ஓர் ஈஸ்டர் வாரம். ராயப்பன்பட்டியிலிருந்து ஆண்டுதோறும் பஸ் பிடித்து ஊராரை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போகிறவர் அன்னம்மாக்கா. அந்த முறை எங்கள் சின்ன மகளுக்கு முடியிறக்கும் நேர்த்திக்கடனுக்காக என் மனைவி முருகேஸ்வரியும் அந்தப் பஸ்ஸில் போயிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம், செலின் மேடத்துக்கு அவருடைய பழைய நிலையத்திலிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு வைத்தார்.

"சுமத்திராவுக்கு மேற்க நிலநடுக்கம். ரிக்டர்ல எட்டுக்கு மேல. முருகேஸ்வரி இப்ப எங்கன இருக்கு?"

அவளுக்குப் போன் அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்த பிறகுதான் லைன் கிடைத்தது. "கடக்கரையிலதான் நிக்கிறோம். டிவியில என்னமோ சொல்றாகளாம், கொஞ்சப் பேரு ஓடுறாக. ஆனா கடல் அப்படியேதான் கெடக்கு. உள்வாங்குனா ஓடிருவோம்னு அன்னம்மாக்கா சொன்னாக. எல்லாரும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள்.

மேடம் என் கையிலிருந்து போனைப் பறித்தார். அவர் கத்தி நான் கேட்டது அன்றுதான். "ஏத்தா, கடலைப் பாக்காத! அது உள்ள போகாது, போகாமலே ஏறி வரும். புள்ளையத் தூக்கு. போனை அன்னம்மாக்காட்டக் குடு." அன்னம்மாக்கா, பாதிப் பேர் இன்னும் மொட்டை போட்டு முடியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "மொட்டை பெறகு போடலாங்க்கா. மொதல்ல தலை இருக்கட்டும்" என்றார் மேடம். டிரைவர் வந்த வழியே நாகப்பட்டினத்துக்குத் திருப்பப் பார்த்தாராம். அது கடலோரமாகவே போகும் சாலை, மேற்கே திருத்துறைப்பூண்டிப் பக்கம் விடச் சொல்லுங்கள் என்று மேடம் சொல்லும்போதே லைன் அறுந்துவிட்டது.

பிறகு கிடைக்கவே இல்லை. பஸ் கிளம்பியதா, எந்தப் பக்கம் போனது, எதுவும் தெரியாது. "வருமா?" என்று கேட்டேன். "தெரியல சார். எவ்வளவு பெருசுன்னு ஒடனே தெரிஞ்சுரும். எப்படி நகந்துச்சுன்னு தெரிய நேரமாகும். அது தெரியிற வரைக்கும் ஓடத்தான் வேணும்." இவ்வளவு படித்தவர் தெரியாது என்கிறாரே என்று எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது. அவர் போனை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக நிலையத்திலிருந்து செய்தி வந்தது. தட்டு மேலே துள்ளவில்லை, பக்கவாட்டில் உரசி நகர்ந்திருக்கிறது. அப்படி நகர்ந்தால் தண்ணீரை அவ்வளவாகத் தூக்காது. நான் நாற்காலியில் சாய்ந்தேன். அந்த நேரத்தில் மேடத்தின் போன் மறுபடியும் அடித்தது. அதே பகுதியில் இன்னொன்று. இது எப்படி நகர்ந்தது என்று தெரியாது. மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். முருகேஸ்வரியின் லைன் அப்போதுதான் கிடைத்தது. ஆபத்தில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பஸ்ஸை மறுபடி வேளாங்கண்ணிக்கே திருப்பிவிட்டார்களாம்.

"நிப்பாட்டு! இன்னொன்னு வந்திருக்கு. நான் சொல்ற வரைக்கும் யாரும் நகரக் கூடாது" என்றார் மேடம். எதிர்முனையில் அன்னம்மாக்கா திட்டியது எனக்கே கேட்டது. மேடம் லைனை விடவில்லை. இரண்டாவதும் பக்கவாட்டில்தான் என்று தெரிந்து எச்சரிக்கையைத் திரும்பப் பெறும்வரை அந்தப் பஸ் ஏதோ ஒரு டீக்கடை வாசலில் நின்றது. அதற்குள் இருட்டிவிட, அப்படியே ஊர் திரும்பிவிட்டார்கள்.

அலை வரவில்லை. மேடத்துக்குத் தலைவலி வந்தது. அன்னம்மாக்காவின் கணவர் பாதி மொட்டையோடு ஊர் திரும்பியதை எங்கள் பக்கமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அன்னம்மாக்கா நேராக மேடத்தின் வீட்டுக்கே போய், "ஒம் பேச்சைக் கேட்டு நேர்ச்சையைப் பாதியில விட்டு ஓடியாந்தோம்டி" என்று சண்டை போட்டார். மேடம் டீ போட்டுக் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாராம். மறுநாள் என்னிடம், "திட்டுறதுக்கு எல்லாரும் திரும்பி வந்துட்டாகல்ல சார்" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "அடுத்த தடவை நான் கூப்பிட்டா போனை எடுப்பாகளா?"

அந்தக் கேள்விதான் அவரைக் கடைசிவரை அரித்தது. ஒவ்வோர் ஆண்டும் பஸ் கிளம்பும் காலையில் போய் ஏறி நின்றுகொள்வார். நிலம் ரொம்ப நேரம் ஆடினால் ஓடுங்கள், கடல் உள்வாங்கும் என்று காத்திருக்காதீர்கள் என்பார். "மேடம் ஜெபம் முடிஞ்சதா, வண்டிய எடுக்கலாமா?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். அன்னம்மாக்கா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். "நம்ம காலத்துல இன்னொன்னு வராமலே போகலாம் சார். ஆனா வர்ற அன்னிக்கு, போன தடவை சும்மா ஓடுனோமேன்னு நினைச்சுக்கிட்டு நின்னுட்டா?" என்று என்னிடம் கேட்பார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் திரும்பும்போது அன்னம்மாக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். முழங்கால் வலியால் அவருக்கு நிற்கவே முடியவில்லை.

"வாத்தியாரே, அந்த வருசத்துக்குப் பெறகு அங்கன போயி எறங்குனா நான் மொதல்ல கோயிலுக்குப் போறதில்ல. பஸ்ஸ மேற்க பாக்க நிப்பாட்டச் சொல்லிருவேன். சாவியோட டிரைவரு வண்டியிலதான் இருக்கணும். எங்கிட்டத் திட்டு வாங்காத டிரைவரு இல்ல. அப்புறந்தான் மாதாகிட்டயே போவேன்."

"இதை மேடத்துக்கிட்ட சொன்னீகளா அக்கா?"

"எப்பிடிச் சொல்லுவேன்? அம்புட்டுத் திட்டுத் திட்டிட்டு" என்று அழுதார்.

செலின் மேடத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என் மனைவியும் மகளும், அவருடைய பயமும். அடுத்த ஈஸ்டருக்குப் பஸ் கிளம்பும்போது நான் ஏறி நின்று அவர் சொன்னதைச் சொல்வேன். மேடம், அவர்கள் ஓடுவார்கள். இது தெரியாமலே போய்விட்டீர்களே.