மாடிக்கு ஒரு கட்டணம்

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரைத் தெரியாதவர்கள்கூட உண்டு, லிஃப்ட் மாமாவைத் தெரியாதவர்கள் கிடையாது. இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்தபடி, ஏறுகிறவர் முகத்தைப் பார்த்து "எந்த மாடி?" என்பார். முடமானவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபியைக் கொண்டுபோய் ஐந்தாவது மாடியில் வைத்த புத்திசாலி யார் என்பதுதான் அவருடைய நெடுநாள் ஆராய்ச்சி.

மகள் பள்ளிப்படிப்பை முடித்ததும் ஆராய்ச்சி மாறியது. அவளுக்கு மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்பு ஒன்று படிக்க ஆசை. டாக்டர் படிப்புக்குக் கை எட்டாது. மற்றதில் எது கட்டுப்படியாகும்? இதற்காக ஊரெல்லாம் அலைவானேன், படித்தவர்கள் தன் லிஃப்டில்தானே ஏறி இறங்குகிறார்கள் என்று நினைத்தார். வெள்ளைக் கோட்டோடு யார் ஏறினாலும், கதவு மூடியதும் "உங்க படிப்புக்கு எவ்வளவு ஆச்சு?" என்று பிடித்துக்கொண்டார். அவருக்குப் பயந்து படியேறியே சிலர் இளைத்துப் போனார்கள்.

ஒரு வழியாகத் தீர்ப்பு தயாரானது. சாப்பிடும்போது மகளிடம் சொன்னார்.

"லேப் படிப்புதாம்மா இருக்கறதுலயே மலிவு. எக்ஸ்ரே கொஞ்சம் கூட. நர்ஸ் படிப்பு அதுக்கும் மேல. பிசியோதெரபி பக்கம் மட்டும் தலைவெச்சுப் படுக்கக் கூடாது. அந்தத் தம்பி சொல்லச் சொல்ல எனக்கு மயக்கமே வந்துடுச்சு. திங்கட்கிழமை லேப் படிப்புக்கு அட்வான்ஸ் கட்டிடுவோம்."

மகள் முகம் வாடியது. அவருக்கு அது கண்ணில் படவில்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்வதில் மும்முரமாக இருந்தார்.

"அப்பா, லேப் எந்த மாடி?"

"ஒண்ணு."

"எக்ஸ்ரே?"

"ரெண்டு."

"நர்ஸ் அக்காவோட வார்டு?"

"மூணு. அதுக்கென்ன இப்ப?"

"பிசியோதெரபி அஞ்சு. மாடி ஏற ஏற பீஸும் ஏறுதேப்பா! ஒரு மாடி போறதுக்குள்ள லேப் அக்கா எவ்வளவுதான் சொல்லியிருப்பாங்க?"

அவர் மென்றுகொண்டிருந்தது வாயிலேயே நின்றது. உண்மைதான். லேப் பெண் காலேஜ் பீஸைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் மாடி வந்துவிடும். பிசியோதெரபிக்காரனோ விடுதி, தேர்வு, சீருடை, பஸ் என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவைத்த பிறகுதான் இறங்குவான்.

"ஆமா, பெரிய கண்டுபிடிப்பு!" என்று சீறினார். அந்தச் சீற்றத்தில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

மறுநாள் லேப் பெண் ரத்த மாதிரிகள் நிறைந்த தட்டோடு ஏறினாள். முதல் மாடி வந்தது, லிஃப்ட் நிற்காமல் மேலே போனது.

"மாமா, என் மாடி போயிடுச்சு!"

"அது எங்கயும் போகாதும்மா, அங்கயேதான் இருக்கும். காலேஜ் பீஸ் சொன்னீங்க, மிச்சத்தையும் சொல்லிடுங்க."

ஐந்தாவது மாடிக்குப் போய்த் திரும்புவதற்குள் பயிற்சிக்குக் கொடுத்தது, விடுதிக்குக் கொடுத்தது, உடைத்த கண்ணாடிக் குழாய்களுக்குத் தண்டம் அழுதது எல்லாவற்றையும் அவள் கொட்டித் தீர்த்தாள். எக்ஸ்ரேக்காரரையும் நர்ஸையும் இப்படியே உச்சிவரை கடத்திப்போனார். மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அவருக்கு ஆன செலவு. எல்லாம் கூட்டிப் பார்த்தால், பிசியோதெரபிதான் கையைக் குறைவாகக் கடித்தது. லேப் படிப்பு எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

திங்கட்கிழமை, அட்வான்ஸ் கட்ட அப்பாவைக் கூட்டிப்போக வந்த மகள் லிஃப்டில் ஏறினாள். பழக்கத்தில் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியையே கேள்வி கேட்டுத் துளைத்தவர், படிக்கப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தாவது மாடிப் பொத்தானுக்குப் போன விரலை எடுத்துவிட்டார்.

"எந்த மாடிம்மா?"

"அஞ்சுப்பா!"

பதில் சொல்ல, கதவு மூடும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை.