முக்காலியும் என் நடுக்கமும்

எனக்கு நடுக்க வியாதி வந்துவிட்டதென்று ஒரு கல்யாண வீட்டில் கால் மணித்தியாலம் முழுமனதாக நம்பினேன்.

யுத்தம் முடிந்த பிறகு, கற்பிட்டியில் மூடிப்போன ஸ்டூடியோ ஒன்றிலிருந்து பழைய மர முக்காலி கிடைத்தது. பெரிய பெட்டிக் கமராவுக்கென்று செய்தது. என் சின்னக் கமராவைப் பூட்ட, உடைந்த அலுமாரிப் பலகையில் புதுத் தலை வெட்டினேன். கால்கள் காய்ந்து வெடித்திருந்தன. எங்கள் மீன்பிடி ஆட்கள் வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயை மூன்று தரம் பூசினேன். எல்லாம் மரம்தானே.

மாம்புரியில்தான் அந்த முக்காலிக்கு முதலாவது கல்யாண வேலை. வெயிலில் கமராத் திரை தெரியாததால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். பெண் வீட்டார் அத்தனை பேரும் திரையில் கிடுகிடுவென்று ஆடினார்கள். கைதான் நடுங்குகிறதென்று கமராவிலிருந்து கையை எடுத்தேன். அப்போதும் ஆடினார்கள். நடுக்கம் கண்ணுக்குள் ஏறிவிட்டது! படம் பிடிக்கிறவனுக்குக் கையும் கண்ணும் போனால் மீசையை வைத்தா பிழைப்பது?

"தம்பி, சிரிச்சுச் சிரிச்சு வாய் நோகுது. எடுங்களன்!" என்றார் மணப்பெண்ணின் பெரியம்மா.

"எனக்கு ஏலாது அக்கா. நடுக்க வருத்தம் வந்திட்டுது. வேற ஆளைக் கூப்பிடுங்க" என்றேன், துணிக்குள் இருந்தபடியே. அழுகையும் வந்துவிட்டது.

"உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. வெளிய வந்து கீழ பாருங்க."

பார்த்தேன். காலுக்கு ஒன்றாக மூன்று பூனைகள் சுறா எண்ணெயை நக்கிக்கொண்டிருந்தன.