மூச்சக்காவுக்கு அளவெடுத்த கதை

மூச்சக்கா எனக்கு ஒரு பக்கம் பார்த்தால் மருமகள் முறை. என் பெரியப்பா மகன் கட்டினது அவளுடைய அத்தையை. இன்னொரு பக்கம் பார்த்தால் பேரன் பெண்டாட்டி, ஏனென்றால் அவள் புருஷன் என் அக்காவின் பேரன். எப்படிச் சுற்றி வந்தாலும் எங்கள் வீட்டுப் பொண்ணுதான்.

பிரசவ வார்டில் நர்ஸ். வலியில் கத்துகிற பெண்களின் முதுகைத் தடவிக்கொண்டு, "மூச்ச இழும்மா, மெதுவா விடும்மா" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பேர் வந்தது. பெரிய டாக்டரே "மூச்சக்கா எங்க?" என்றுதான் கேட்பார்.

ஒரு முறை ஒரு குழந்தை பிறந்தும் அழாமல் கிடந்தது. துடைத்து, தேய்த்து, குழாய் வைத்து சளியை உறிஞ்சி, கடைசியில் வீல் என்று கத்த வைத்துவிட்டாள். பிள்ளை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவளுக்கு அன்றைக்குப் போன தூக்கம் திரும்பி வரவில்லை. டியூட்டி முடிந்து வீட்டில் படுத்தால் உடம்பு இங்கே, காது வார்டில். நாளாக நாளாகக் கை நடுங்க ஆரம்பித்தது. ஊசியைப் பிடித்தால் முனை ஆடியது.

இவள் மட்டுமில்லை, அங்கே பல பேர் அப்படித்தான் தேய்ந்துபோய் இருந்தார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். கூட்டம் போடுகிற அறையில் நாற்காலிகளை ஓரம் கட்டி, பாய் விரித்து, வேலை செய்கிறவர்களுக்குத் தியானம். சொல்லிக் கொடுக்க ஒரு பொண்ணு வந்தாள். பஞ்சு மாதிரி குரல்.

"கண்ண மூடிக்கோங்க. மூச்ச மெதுவா இழுங்க... விடுங்க... அப்படித்தான்..."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். மூச்சக்காவும் மூடினாள். கொஞ்ச நேரத்தில் அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம்.

"இன்னும் கொஞ்சம்தாம்மா! தலை தெரியுது! முக்கு, முக்கு!"

எக்ஸ்ரே எடுக்கிறவர் பாயில் உருண்டு உருண்டு சிரித்தார். "அக்கா, எனக்கு என்ன குழந்தை?" என்றார் காயத்துக்கு மருந்து கட்டுகிறவர். மூச்சக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தலைமை நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் தனியாகக் கூப்பிட்டாள்.

"உன் கைய நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த மாசக் கடைசிக்குள்ள நடுக்கம் நின்னுச்சுன்னா சரி. இல்லேன்னா துணி ஸ்டோருக்கு மாத்திடுவேன். கோவிச்சுக்காத."

துணி ஸ்டோர் என்றால் படுக்கை விரிப்புகளை எண்ணி அடுக்குகிற வேலை. சம்பளம் ஒன்றுதான். ஆனால் பிள்ளை பிறக்கிற இடத்தில் நின்று பழகினவளை விரிப்பு மடிக்கச் சொன்னால் உயிரோடு இருப்பாளா?

நேரே அந்தத் தியானப் பொண்ணிடம் போனாள். "அம்மாடி, மூச்சுன்னு சொன்னாலே எனக்கு டியூட்டி வந்துடுது. வேற வழி இருக்கா?"

அந்தப் பொண்ணு யோசித்தாள். "மூச்ச விட்டுடுங்கக்கா. வீட்டுல யாரையாவது தலையில இருந்து கால் வரைக்கும் ஒவ்வொரு இடமா மெதுவா சொல்லச் சொல்லுங்க. சொல்ற இடத்துல மனச வெச்சு தளர்த்துங்க. பழகின குரலா இருந்தா நல்லது."

முதலில் புருஷன்தான் சொன்னான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், மேலிருந்து கீழே வருவது அவனுக்கு வழக்கம்தானே! "நெத்தி... கண்ணு... மூக்கு..." என்று வந்தவன் வாய்க்கு வரும் முன்னால் குறட்டை விட்டுவிட்டான்.

அப்புறம்தான் நாத்தனார் வந்தாள். புருஷனுடைய அக்கா. வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருப்பவள். டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றி நான் பார்த்ததில்லை.

"படுத்துக்கிட்டு சொல்றதெல்லாம் எனக்கு வராது. எழுந்து நில்லு."

"அண்ணி, தூங்கத்தானே..."

"நில்லுடி! எனக்குத் தெரிஞ்ச வரிசையில சொல்றேன்." டேப்பை எடுத்தாள். "கழுத்து. தோள்... என்ன இது, காதுகிட்ட தூக்கி வெச்சிருக்க? இதுக்குத் தெச்சா சட்ட எப்படி உக்காரும்? விடு. இன்னும் விடு. யாரும் உன்ன கூப்பிடல."

மூச்சக்கா தோளை விட்டாள்.

"கை நீளம். மணிக்கட்டு." டேப் மணிக்கட்டைச் சுற்றியது. நாத்தனாரின் குரல் தானாக இறங்கியது. "இந்தக் கை இப்ப யாருக்கும் வேலை செய்யல. அளவுக்குக் குடுத்திருக்க, அவ்வளவுதான். என்கிட்டயே இருக்கட்டும்."

எத்தனையோ பேர் உடம்பைத் தாங்கின கை அது. அதை இன்னொருத்தர் தாங்கிப் பார்த்து அவளுக்கு எத்தனை காலமாச்சோ. நின்றபடியே கண் சொருகியது. நாத்தனார் அவளை மெல்லக் கட்டிலில் சாய்த்து, "இடுப்பு" என்றாள். அதற்குள் இவள் தூங்கியாச்சு. ஆனாலும் எடுத்த அளவைப் பாதியில் விடுகிறவள் இல்லை அவள். குதிகால் வரைக்கும் போய்விட்டுத்தான் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். வெளியே நல்ல பகல் வெளிச்சம், ராத்திரி டியூட்டி முடித்து வந்த மூச்சக்கா கட்டை மாதிரி தூங்கினாள்.

அதிலிருந்து டியூட்டி முடிந்து வந்தால் தினமும் அளவெடுப்பு.

"எல்லா அளவும் மனப்பாடம் ஆயிடுச்சு. இடுப்பு மட்டும் நாளுக்கு நாள் ஏமாத்துது" என்பாள் நாத்தனார்.

"உங்க டேப் பழசு அண்ணி, சுருங்கிடுச்சு."

"ஆமா, என் டேப்தான் வந்து உன் தட்டுல சாப்பிடுது!"

மாசக் கடைசியில் ஒரு காலை, முதல் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண் கட்டிலில் துடித்துக்கொண்டிருந்தாள். நரம்பு கிடைக்கவில்லை என்று இரண்டு பேர் குத்திப் பார்த்து விட்டுவிட்டார்கள். தலைமை நர்ஸ் மூச்சக்காவை முன்னால் தள்ளிவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.

மூச்சக்கா ஊசியை எடுத்தாள். தோளைக் கீழே விட்டாள். முனை ஆடவில்லை. ஒரே குத்து, நரம்பில் நேராகப் போய் உட்கார்ந்தது.

"ஸ்டோருக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தலைமை நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு மூச்சக்கா கையை எடுக்கப் போனாள். அந்தப் பெண் விடவில்லை.

"எடுக்காதீங்கக்கா. இப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றாள் மூச்சக்கா. காலால் முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.